பம்பரமும் ஒரு சிமெண்டுத் தூணும்

என் கொழுந்தனைத் தெருவில் எல்லோரும் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் காதுபடவே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். ஒரே இடத்தில் நின்று ஒரு மணி நேரம் சுற்றினாலும் தலை சுற்றாத ஆள். ஆனால் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கச் சொன்னால், "மயக்கமா வருது அண்ணி" என்பான்.

வேலை, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஈரப் படுக்கை விரிப்பை மெஷினின் ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் சுருக்கம் இல்லாமல் வாங்கி மடிக்க வேண்டும். அவன் நிற்பது மூன்றாவது மெஷினில். அதனால் அங்கே அவன் பெயர் 'மூணாம் நம்பர்'. வயது நாற்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா, "சாயங்காலம் வேலை முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"சுத்துவேன்."

"எங்க?"

"ஒரே எடத்துலதான்."

அவர்கள் டீயைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டார்கள்.

சுற்றுவது என்றால், பாவாடை மாதிரி வெள்ளை அங்கி கட்டிக்கொண்டு, உயரத் தொப்பி வைத்துக்கொண்டு, இறைவன் நினைப்பில் சூஃபிகள் சுற்றுகிறார்களே, அது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. இங்கே வருவதற்கு முன்னால் இவன் வேறொரு நாட்டில் ஒப்பந்த வேலையில் இருந்தான். அங்கேயும் சலவைதான். தங்கியிருந்த அறைக்குப் பக்கத்தில் ஒரு சூஃபி மடம். சாப்பாடு போடுகிறார்கள் என்று போனவன், மூன்று வருஷம் கழித்து ஒரு கலையோடு வெளியே வந்தான். அங்கே பழக்குகிற விதத்தைக் கேட்டால் நமக்குக் கால் வலிக்கும். ஒரு பலகை, அதன் நடுவில் ஆணி. இடது கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் அந்த ஆணி நிற்க வேண்டும். பலகையில் உப்பைத் தூவி, வலது காலால் உந்தி உந்திச் சுற்ற வேண்டும். வலது உள்ளங்கை மேலே பார்க்கும், இடது உள்ளங்கை கீழே பார்க்கும். மேலிருந்து வாங்குவதைக் கீழே கொடுத்துவிட வேண்டும், தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அதற்கு அர்த்தமாம். எங்கள் வீட்டில் அவனுக்கு வலது கை மட்டும்தான் வேலை செய்தது.

ஒரே ஒரு பையோடு எங்களிடம் வந்து சேர்ந்தான். பையில் நாலு சட்டை, ஓர் அங்கி, ஒன்றரைச் சாண் உயரத்தில் ஒரு கம்பளித் தொப்பி. நான் தொப்பியைப் பூந்தொட்டி என்று நினைத்து ஜன்னலில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சுற்றுகிறவனுக்குத் தரை வேண்டும். வழவழப்பாக, காலைப் பிடிக்காமல், அதேசமயம் வழுக்கிவிடாமல் இருக்க வேண்டும். அலைந்து திரிந்து, ஒரு பல் டாக்டரின் க்ளினிக்குக்குக் கீழே பேஸ்மெண்ட் ஒன்றைப் பிடித்தான். உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த இடம். டாக்டருக்கு அது சுத்தமானால் போதும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இவனும், ஒரு சலூன்காரரும், ஒரு டாக்சிக்காரரும் போய்ச் சுற்ற ஆரம்பித்தார்கள். சலூன்காரரும் டாக்சிக்காரரும் இவனைப் போலவே பிழைக்க வந்தவர்கள். ஒரு காலத்தில் எங்கேயோ பார்த்த ஞாபகத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த பேஸ்மெண்டில் மூன்று தொல்லைகள் இருந்தன. முதலாவது, கூரை தாழ்வு. தொப்பி உரசியது. தொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "நாலு விரல் குறைச்சிடுங்க அண்ணி" என்றான். நான் கத்தரியால் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். இரண்டாவது, சத்தம். சுற்றும்போது இவர்கள் அடிவயிற்றிலிருந்து "ஹூ" என்பார்கள். அது இறைவனை அழைக்கிற சத்தம். ஆனால் மேலே வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவனுக்குத் தரைக்கடியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்தால் எப்படி இருக்கும்? ஒரு அம்மா பாதிப் பல்லோடு எழுந்து ஓடிவிட்டாராம். டாக்டர் இறங்கி வந்து, "நீங்க என்ன வேணா பண்ணுங்க, வாயை மட்டும் மூடிக்கிட்டுப் பண்ணுங்க" என்றார். அன்றிலிருந்து ஹூ வெறும் மூச்சாகிவிட்டது.

மூன்றாவது, தூண். அறையின் நட்ட நடுவில், இரண்டு பேர் கட்டிப்பிடிக்கிற பருமனில் ஒரு சிமெண்டுத் தூண். முதல் வாரமே சலூன்காரர் முழங்கையை அதில் இடித்துக்கொண்டு, மறுநாள் ஒருவருக்கும் சவரம் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். உள்ளே வந்ததும் ஒவ்வொருவரும் தூணின் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். அங்கிருந்து மூன்று எட்டு அளந்து போய் நிற்க வேண்டும். இடிக்காமல் இருப்பதற்கு, அவ்வளவுதான்.

வருஷங்கள் போயின. மூன்று பேர் பதினொரு பேர் ஆனார்கள். உள்ளூர்க்காரர்களும் சேர்ந்தார்கள். ஒரு பேக்கரிக்காரர் வந்தார், நல்ல கனத்த உடம்பு. பிறகு ஒரு பேங்க் காசாளர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஒரு நோட்டு. பின்னால் வந்தவர்களுக்கு சலூன்காரரின் முழங்கை தெரியாது. அவர்கள் கண்டதெல்லாம், எல்லோரும் உள்ளே வந்து, பேசாமல், ஒவ்வொருவராகத் தூணில் கை வைத்துத் தலை குனிவதுதான். தலை ஏன் குனிந்தது என்றால், எட்டு அளக்கும்போது காலைப் பார்க்க வேண்டுமே.

ஒரு வியாழக்கிழமை, துவைத்த அங்கிகளைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். காசாளர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என் கொழுந்தன் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, இந்தத் தூணோட உள்ளர்த்தம் என்ன?"

பகல் முழுக்க 'ஏய் மூணாம் நம்பர்' என்று அழைக்கப்படுகிறவனை, பேங்கில் வேலை பார்க்கிறவர் ஐயா என்கிறார். இவன் கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "அது நடுவுல இருக்கு. அவ்வளவுதான்" என்றான்.

காசாளர் அதைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினார்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன். "ஏன்டா, கட்டடம் விழாம இருக்கத்தான் தூணுன்னு சொல்றதுக்கு உனக்கு வாய் வலிக்குதா?"

"நான் பொய் ஒண்ணும் சொல்லலையே அண்ணி. நடுவுலதானே இருக்கு."

பதினொன்றாவது வருஷம் பல் டாக்டர் கட்டடத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் இடித்துவிட்டு வேறு கட்டப் போகிறாராம். மூன்று வாரத்தில் காலி செய்ய வேண்டும். பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொல்வது மிகை இல்லை. தட்டில் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். வாரம் ஆறு நாளும் ஆவியில் வெந்து மடிக்கிறவனுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் மிச்சம். அது போனால் அவனிடம் மெஷின் மட்டும்தான் இருக்கும்.

தரை தேடி அலைந்தார்கள். ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே தரை முழுக்க ரப்பர். கால் ஒட்டிக்கொண்டு உடம்பு மட்டும் திரும்பியதில், டாக்சிக்காரர் முழங்கால் வீங்கி ஒரு வாரம் வண்டி ஓட்டவில்லை. அடுத்த வாரம் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே சோபாவை ஒதுக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு அங்கி விரிந்து அலமாரியில் இருந்த ஆறு கண்ணாடி டம்ளர்களையும் வாரிக்கொண்டு போனது. நான் துடைப்பத்தை எடுத்து நடுக்கூடத்தில் நின்றேன். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் காசாளர் ஒரு செய்தி கொண்டுவந்தார். நகரசபையின் சமூகக் கூடத்தில் வியாழக்கிழமை ஆறிலிருந்து எட்டு வரை இலவசமாகத் தருகிறார்கள். பளபளவென்று மரத்தரை. ஆனால் 'பழமை மாறாத மரபுக் கலை' என்ற பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வுக் குழு முன்னால் பத்து நிமிஷம் செய்து காட்ட வேண்டும். பம்பரத்துக்கு ஃபாரம் என்றாலே ஜுரம் வரும். "நீங்களே நிரப்பிக் கையெழுத்தும் போட்டுடுங்க" என்று காசாளரிடம் சொல்லிவிட்டான்.

அவர் நோட்டைப் பார்த்து நிரப்பினார். தூண் தொடுதல். மௌன அழைப்பு. குட்டைத் தொப்பி. மூன்று எட்டு அளத்தல். எல்லாம் ஆதிகாலத்து மரபு என்று எழுதி அனுப்பிவிட்டார்.

ஒரு வாரத்தில் நகரசபைக் கலாசாரப் பிரிவிலிருந்து ஒரு மேடம், காசாளரையும் கூட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக்கே வந்தார். பெரிய கண்ணாடி, பெரிய கம்மல், பேச்சும் பெரிதாகவே இருந்தது.

"எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சுங்க. அந்தத் தூணை வாசிச்சப்போ."

பம்பரம் என்னைப் பார்த்தான். நான் முறத்தில் இருந்த பருப்பைப் பார்த்தேன்.

"ஆனா எங்க ஹால்ல தூண் இல்லையே. அசல் வடிவம் கெடக்கூடாது. அதனால மேடை அலங்காரம் பண்றவர்கிட்ட சொல்லிட்டேன். தெர்மாகோல்ல ஒண்ணு செஞ்சு தருவாரு. தங்க நிறம் பூசலாமா, வெள்ளையாவே இருக்கட்டுமா?"

"வெள்ளை" என்றார் காசாளர். "தூய்மை."

அவர்கள் போன பிறகு பம்பரம் சமையலறை வாசலில் வந்து நின்றான். "அண்ணி, அந்தத் தூணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது."

"எனக்குத் தெரியும்டா. உனக்கு எப்ப தெரிஞ்சது?"

"இப்ப சொன்னா ஃபாரம் பொய்யாயிடும். தரை போயிடும்."

"சொல்லாட்டி?"

"தெர்மாகோலுக்குத் தலை குனியணும்."

"அப்ப குனிஞ்சுக்கோ. தரை வேணும்ல."

நான் அப்படித்தான் சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? டம்ளர் உடைந்தது என் வீட்டில்.

செய்து காட்டுகிற அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். முதல் வரிசையில் குழு. மேடை நடுவில் வெள்ளைத் தூண், ஆள் உயரத்துக்கு. பதினொரு பேரும் வந்தார்கள். ஒவ்வொருவராகக் கை வைத்துத் தலை குனிந்தார்கள். பேக்கரிக்காரர் கை வைத்தபோது தூண் பின்னால் சாய்ந்தது. பயந்துபோய் அதைக் கட்டிப்பிடித்து நிமிர்த்தினார். கலாசார மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். கட்டிப்பிடித்ததையும் சேர்த்திருப்பார்.

சுற்ற ஆரம்பித்தார்கள். நான் தைத்த அங்கி என்பதற்காகச் சொல்லவில்லை, பதினொரு அங்கியும் ஒரே சமயத்தில் விரிந்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினொரு அங்கி சுற்றினால் காற்று வரும். தெர்மாகோலுக்கு எடை கிடையாது. ஒரு நிமிஷத்தில் தூண் மெதுவாக நகர ஆரம்பித்தது.

"தூண் நடக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கும் கண்ணு இருக்கு. பேசாம இருங்க."

சுற்றுகிறவர்கள் கண்ணைப் பாதி மூடியிருப்பார்கள். தூண் மட்டும் நிழலாகத் தெரியும். அதிலிருந்து மூன்று எட்டு தள்ளி நிற்கத்தான் பதினொரு வருஷப் பழக்கம். தூண் ஒரு அடி நகர்ந்தால் இவர்களும் ஒரு அடி நகர்ந்தார்கள். தூண் மேடையின் முன் விளிம்பைப் பார்த்து வந்தது. மொத்த வட்டமும் அதோடு சேர்ந்து, மௌனமாக, பக்தியோடு, முதல் வரிசையை நோக்கி வந்தது. பேக்கரிக்காரரின் வலது கால் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே இருந்தது. அவருக்கு நேர் கீழே குழுத் தலைவர்.

பம்பரம் நின்றுவிட்டான். சுற்றும்போது பாதியில் நிற்கக் கூடாது என்பது அவனே போட்ட சட்டம். நேராகப் போய் ஒரு கையால் பேக்கரிக்காரரின் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தான். மறு கையால் தூணைத் தூக்கி, தலையணையைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்று கண்ணைத் திறந்தார்கள்.

"மன்னிக்கணும்" என்றான் குழுவைப் பார்த்து. "இது எங்க மரபு இல்ல. நாங்க சுத்தின எடத்துல கட்டடத்தைத் தாங்க ஒரு தூண் இருந்துச்சு. இடிச்சுக்கக் கூடாதுன்னு தொட்டுப் பார்த்தோம். வாயைத் தொறக்காதது மேல பல் டாக்டர் இருந்ததால. தொப்பி குட்டையானது கூரையால. நான் கத்துக்கிட்ட எடத்துல நடுவுல ஒண்ணுமே கிடையாது."

தூணைப் பக்கத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தான். மீதி நேரம் சுற்றினார்கள். தூண் இல்லாமல் அவர்களுக்கு வழி தெரியவில்லை. காசாளர் சலூன்காரரை இடித்தார், டாக்சிக்காரர் திரையில் சிக்கினார். இவன் மட்டும் பதினொரு வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்து "ஹூ" என்றான். முன் வரிசையில் ஒருவர் கையிலிருந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டார்.

நான் மேடைக்குப் பின்னால் போனபோது காசாளர் அங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார்.

"அப்ப நான் இத்தன வருஷமா தொட்டது என்னது?"

"சிமெண்டு" என்றான் பம்பரம்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் கேட்டேன்ல. நேரா உங்ககிட்டதானே கேட்டேன்."

இவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். "நீங்க ஐயான்னு கூப்பிட்டீங்க. எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

காசாளர் தன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "என் சம்சாரம் செத்த வாரம் அந்தத் தூண்லதான் நெத்தியை வச்சுக்கிட்டு நின்னேன். அது சிமெண்டு இல்ல. நீங்க சொன்னா ஆயிடுமா?"

அவன் தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினான். நான் மற்றவர்களின் அங்கிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. எங்களுக்கு இல்லை. ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டவர் காசாளர், அதனால் அவருக்கு வந்தது. மரபு வழுவாமல் காக்கும் காசாளர் குழுவுக்கு வியாழக்கிழமைகளில் கூடம் ஒதுக்கப்படுகிறது. மேடையில் ஒருவர் குறுக்கிட்டதைக் குழு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினொரு பேரில் நான்கு பேர் காசாளரோடு போனார்கள். இப்போது அங்கே மரத்தில் செய்த கனமான தூண் வந்துவிட்டது. வாசலில் 'பழமை மாறாத' என்று விளம்பரத் தட்டி. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, தொட்டுத் தலை குனிந்துவிட்டுப் போகிறார்களாம். தூண்காரர்களுக்குத் தரை கிடைத்தது. தூணைத் தூக்கினவனுக்குத் தெருதான்.

அவனோடு மிஞ்சியது ஐந்து பேர். மூன்று வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வந்தால் என் கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். ஆறு பெரிய ஆண்கள், அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. எழவு வீடு மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. நாலாவது வாரம் மீன் வாங்கப் போன இடத்தில், மார்க்கெட்டின் பெரிய ஏலக் கொட்டகையைப் பார்த்தேன். வழவழப்பான தரை, உயரமான கூரை. மத்தியானத்தோடு காலியாகிவிடும். நான் வழக்கமாக வாங்குகிற மீன்காரம்மாதான் அதற்குச் சாவி வைத்திருக்கிறவள்.

"என்னக்கா, சாமி கும்பிடுறதா, டான்ஸா?" என்று கேட்டாள்.

"ரெண்டுக்கும் நடுவுல."

"சத்தம் போடுவாங்களா?"

"ஹூன்னு சொல்லுவாங்க."

"காலைல இங்க ஏலம் விடுற சத்தத்துக்கு முன்னால அதெல்லாம் ஒரு சத்தமா. போடட்டும். எனக்கு ஒண்ணுதான். அவங்க வர்ற அன்னைக்கு நான் தரையைக் கழுவ மாட்டேன். அவங்கதான் கழுவணும்."

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. வியாழக்கிழமை ஐந்து மணிக்கே போய், காலில் செருப்பில்லாமல், தென்னந்துடைப்பமும் பிரஷ்ஷும் வைத்து ஆறு பேரும் கொட்டகையைத் தேய்க்கிறார்கள். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காதவன் அங்கே முட்டி போட்டுத் தேய்க்கிறான். அங்கிகளில் மீன் வாடை. மூன்று தண்ணீர் அலசியும் போகவில்லை. "இனிமே உங்க பாவாடையை நீங்களே துவைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். துவைக்கிறான். சலவைக்காரனுக்குத் துவைக்கத் தெரியும் என்பது பன்னிரண்டு வருஷம் கழித்து எனக்குத் தெரிகிறது.

போன வாரம் புதிதாக ஒருவர் வந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், மரியாதையான ஆள். நான் மீன் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தேன். எல்லோரும் பேசாமல் முட்டி போட்டு, வரிசையாகத் தேய்த்துக்கொண்டு வருவதை அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு பயபக்தி வந்துவிட்டது. எனக்கு அந்த முகம் தெரியும். பம்பரத்தின் பக்கத்தில் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஐயா, சுத்தறதுக்கு முன்னாடி இப்படித் தரையைக் கழுவுறது..."

"மீன் செதில்" என்றான் பம்பரம், தலையைத் தூக்காமல். "வழுக்கும்."

ஆம்புலன்ஸ்காரர் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். இவன் ஒரு பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"அந்த மூலையில நெறைய இருக்கு. நல்லா அழுத்தித் தேய்ங்க."